மறந்துபோன பொருளுக்கு மட்டும் ஒரு கடை

அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதுதான் பெருங்காய டப்பா காலி என்று தெரிகிறது. பையனைக் கூப்பிட்டு, கையில் இருபது ரூபாயைத் திணித்துத் தெருமுனைக்கு விரட்டுகிறோம். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் பால் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. மறுபடியும் தெருமுனை. ராத்திரி பத்து மணிக்குக் கொசுவர்த்தி, பரீட்சை அன்று காலையில் பேனா, அமாவாசை அன்று கற்பூரம்.

நகரத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் அண்ணாச்சி கடைக்கும் இன்று மிச்சமிருக்கும் உறவு ஏறக்குறைய இவ்வளவுதான். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் மாதம் ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வண்டியில் வந்துவிடுகின்றன. இல்லையென்றால் ஆப்பில் ஆர்டர் போட்டு, கலர் டீ-ஷர்ட் போட்ட தம்பி லிஃப்டில் ஏறி வருவதற்குள் கதவைத் திறந்து வைக்கிறோம். அண்ணாச்சிக்கு மிஞ்சுவது நாம் வாங்க மறந்த பொருள்.

சிறிய கடைகள் மீது நமக்குப் பாசம் குறைந்துவிடவில்லை. மே 5 வணிகர் தினம் வந்தால் உள்ளூர் வணிகத்தைக் காப்போம் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள், தீபாவளி நெருங்கினால் அதே வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நாமும் நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிட்ட கையோடு ஆப்பைத் திறக்கிறோம். பாசம் கல்லாவில் விழுவதில்லை. மாத மளிகைச் சிட்டை விழும். ஒரு சாதாரண வாடிக்கையாளர் தெருமுனைக் கடைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், அந்தச் சிட்டையில்தான் தொடங்க வேண்டும்.

கல்லாவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். கம்பெனி பாக்கெட்டில் வரும் சோப்பு, பிஸ்கட், பேஸ்ட் வகைகளில் கடைக்காரருக்கு நிற்பது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து ரூபாயை ஒட்டிய தொகை. பொருளைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். பால் பாக்கெட்டில் அதுவும் இல்லை, காசுக் கணக்குதான். பாலுக்காக ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும், அதற்கு வணிகக் கட்டணத்தில் மின்சாரம் கட்ட வேண்டும். பாக்கெட் கசிந்தால் நஷ்டமும் அவருடையது. (கூலிங் சார்ஜ் என்று சொல்லி எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவது சட்டப்படி தப்பு. ஆனால் அது எங்கிருந்து முளைக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.)

கடையை உண்மையில் நிறுத்தி வைப்பது சில்லறையில் போகும் சரக்கு: துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய், மல்லி, புளி, வெல்லம், எள், நிலக்கடலை. மண்டியில் மூட்டையாக எடுத்து, சலித்து, புடைத்து, எடை போட்டுக் கொடுப்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். எலியும் வண்டும் ஈரமும் தின்றதுபோக மிஞ்சுவதில்தான் வாடகையும் பையன் சம்பளமும். நாம் வெளியே வாங்குவது சரியாக இந்தச் சரக்கைத்தான். அவரிடம் வாங்குவது பாலும், பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லியும். கடைக்கு நாள் தவறாமல் போகிறோம் என்று நாம் நினைக்கலாம், அவருக்கு எதுவும் நிற்காது.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் ஐம்பது குடும்பங்கள் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குச் சிட்டை கொடுக்கின்றன. மொத்த விற்பனை இரண்டரை லட்சம். நூற்றுக்குப் பத்து என்றால் கையில் நிற்பது இருபத்தைந்தாயிரம். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் ஒரு கடைப்பையனுக்கும் அது சரியாகப் போய்விடும். அண்ணாச்சி வீட்டு அடுப்பு எரிவது மற்றச் சில்லறை வியாபாரத்தில். இதில் பத்துக் குடும்பம் ஆப்புக்கு மாறினால் ஐயாயிரம் போச்சு. கடை அன்றே மூடப்படாது. முதலில் கடைப்பையன் ஊருக்குப் போவான். பிறகு ராஜ்மாவும் நாட்டுச் சர்க்கரையும் ‘நாளைக்கு வரும்’ ஆகும். அப்புறம் நாமே, அங்கே எதுவும் கிடைப்பதில்லை என்று சொல்லத் தொடங்குவோம்.

இதில் நம் கண்ணில் படாத ஒருவர் உண்டு. அதே கடைக்கு மாலை ஏழு மணிக்கு வந்து ஐம்பது கிராம் பருப்பு, பத்து ரூபாய்க்குப் புளி, ஒரு முட்டை, சின்னப் பாட்டிலில் எண்ணெய் வாங்கிப் போகும் கட்டடத் தொழிலாளி. அன்றைக்கு வாங்கிய கூலியில் அன்றைக்கான சமையல். குறைந்தபட்சத் தொகைக்கு ஆர்டர் போட்டால்தான் டெலிவரி இலவசம் என்று சொல்லும் ஆப்பில் அவருக்கு இடமில்லை. ஐம்பது கிராம் பருப்பைப் பொட்டலம் கட்டித் தராத சூப்பர் மார்க்கெட்டிலும் இல்லை. வேலை கிடைக்காத வாரத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுப்பதும் அந்தக் கடை ஒன்றுதான். 2020 ஊரடங்கின்போது எத்தனை வீடுகள் அந்த நோட்டை நம்பி ஓடின என்பதைப் பலரும் பார்த்தோம். ஐம்பது கிராம் பொட்டலம் கட்டும் நேரத்துக்கும், நோட்டில் தொங்கும் பாக்கிக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைச் சத்தமில்லாமல் தாங்கி வந்தவை வசதியான வீடுகளின் மாதச் சிட்டைகள். கடை மூடினால் நமக்கு நஷ்டம் பெருங்காயம் வாங்கும் சௌகரியம். அவருக்கு நஷ்டம் ராத்திரிச் சோறு. என்னைக் கேட்டால், தெருமுனைக் கடையை ஆதரிக்க இதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

சுபிக்ஷாவில் தப்பியவர்

அண்ணாச்சி கடை சாகப்போகிறது என்று சொல்வது நமக்குப் புதிதில்லை. 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, தள்ளுபடி விலையை வைத்தே நாடு முழுக்க ஏறக்குறைய 1,600 கடைகள் வரை பெருகியது. அந்த நாட்களில் தெருக்கடையின் கதை முடிந்தது என்றார்கள். 2009இல் மூடப்பட்டது சுபிக்ஷாதான். பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம் என்று 2012இல் மத்திய அரசு அனுமதித்தபோதும் இதே ஒப்பாரி. தெருக்கடை நின்றது.

எப்படி நின்றது? தென்மாவட்டங்களிலிருந்து வந்த நாடார் வணிகர்களைப் பொறுத்தவரை அதற்கொரு பழைய பின்னணி உண்டு. விற்பனையில் சிறு பங்கை மகமையாக எடுத்துப் பொதுவில் சேர்த்து, உறவின்முறைச் சங்கங்கள் மூலம் பேட்டைகளும் பள்ளிகளும் கட்டியவர்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி 1885இல் எழுந்தது. அதற்காக வீட்டுக்கு வீடு பெண்கள் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஊரிலிருந்து வந்த பையன் கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் கற்று, சில வருடங்களில் முதலாளியின் உதவியோடு அடுத்த தெருவில் தனிக்கடை போடுவான். செட்டியார் கடை, பாய் கடை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் சொந்தபந்தத்தை முதலாக வைத்துக் கடை பிடிப்பது எல்லோருக்கும் பொது.

வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்த்தால் காரணங்கள் எளிது. கடை பக்கத்தில் இருந்தது. போன் போட்டால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பொருள் வந்தது. வேண்டிய அளவுக்குக் கிடைத்தது. கடன் கிடைத்தது. சூப்பர் மார்க்கெட்டால் இந்த நாலையும் சேர்த்துத் தர முடியவில்லை. பத்து நிமிட ஆப்கள் முதல் இரண்டையும் பிடுங்கிக்கொண்டன. மிச்சமிருக்கும் இரண்டும் கடைக்காரருக்குச் செலவு வைப்பவை. இந்தத் தடவை நிலைமை வேறு என்று சொல்வது அதனால்தான். இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடிவிட்டன என்று அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பு 2024இல் சொன்னது. அது பாதிக்கப்பட்டவர்கள் போட்ட கணக்கு, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தெருவில் ஷட்டர் இறங்கிய கடைகளை நீங்களே எண்ணலாம்.

ஆப்பை மொபைலிலிருந்து தூக்கிவிடுங்கள் என்று யார் சொன்னாலும் நடக்காது, நானும் சொல்லப்போவதில்லை. முழுச் சிட்டையும் மாற வேண்டியதில்லை. சில்லறையில் கிடைக்கும் பருப்பு, மிளகாய், மல்லி, புளி, வெல்லம் ஆகியவற்றை மட்டும் தெருமுனைக்குத் திருப்பினாலே கல்லாவில் தெரியும். பேஸ்ட்டும் ஷாம்பும் எங்கே வாங்கினாலும் சரி. முதல் தேதி கூட்டத்தில் போய் நிற்காமல், இருபத்தைந்தாம் தேதியே கையால் எழுதிய சிட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் மண்டிக்குப் போகும்போது அவர் அதற்கேற்ப எடுப்பார். விலை அதிகமோ என்ற சந்தேகம் வந்தால் கிலோவுக்கு என்ன விலை என்று பார்த்து ஒப்பிடுங்கள். 900 கிராம் பாக்கெட், ‘ஹேண்டிலிங்’, மழை நேரக் கூடுதல் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு பல நேரம் வித்தியாசம் சுருங்கிவிடும். சில நேரம் ஆப்தான் மலிவு, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒண்ணாம் தேதி தரேன் அண்ணாச்சி

கடையில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார். அதன் கீழேயே கடன் நோட்டும் இருக்கும். கூலி வேலைக்காரர் பாக்கி வைப்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, அந்த நோட்டு இருப்பதே அவருக்காக. உறுத்துவது வேறு வகைக் கடன். ஆப்பில் பொருள் கைக்கு வருமுன்பே முழுப் பணத்தையும் கட்டிவிடும் அதே வீடு, அண்ணாச்சியிடம் எண்ணூறு ரூபாயை மாதம் முழுக்க ‘ஒண்ணாம் தேதி’ என்று தள்ளிப்போடும். ஏஜென்சிக்காரர் வாரம் ஒரு நாள் வருவார். போன வார பில்லுக்குப் பணம் எண்ணி வைத்தால்தான் இந்த வாரச் சரக்கு இறங்கும். உங்கள் எண்ணூறும் இன்னும் பத்து வீட்டு எண்ணூறும் சேர்ந்தால் ஒரு வாரச் சரக்கு. வசதி உள்ளவர்கள் செய்யக்கூடிய, காலணா கூடுதல் செலவில்லாத உதவி, வாங்கிய அன்றே கொடுப்பது.

கொடுக்கும் விதமும் முக்கியம். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் போட்டால் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது, 2020 ஜனவரி முதல் அதுதான் நடைமுறை. மெஷினில் கிரெடிட் கார்டு தேய்த்தால் ஏறக்குறைய இரண்டு சதவீதம் அவர் பங்கிலிருந்து போகும். பத்து ரூபாய் நிற்கும் இடத்தில் இரண்டு ரூபாய் என்றால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ரிவார்டு பாயின்ட் நமக்கு, தண்டம் அவருக்கு. அந்தக் கார்டை மாலில் தேய்த்துக்கொள்ளலாம்.

சிலர் இப்போது ‘ரொக்கமா இருந்தா கொடுங்க’ என்கிறார்கள். உடனே வரி ஏய்ப்பு என்று முகம் சுளிக்க வேண்டாம். 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனதும், பல கடைகளில் க்யூஆர் அட்டை காணாமல் போனதும் இங்கேயும் எல்லோர் காதுக்கும் வந்தது. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாளுக்கு ஏறக்குறைய பதினோராயிரம் ரூபாய் வியாபாரம். கேட்க எவ்வளவோ போலத் தெரியும். பத்து சதவீதக் கணக்கில் வருடத்துக்கு நாலு லட்சம், அதிலும் வாடகை, மின்சாரம், சம்பளம் போக வேண்டும். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்குத் தொகுப்புத் திட்டம் (காம்போசிஷன்) இருக்கிறது. ஒரு சதவீத வரியைக் கடைக்காரரே கட்டிவிடலாம், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. உங்களுக்குக் கணக்கு வழக்கு தெரியுமென்றால், ஓய்வான மதியத்தில் இதை அவருக்கு நிதானமாக விளக்கிச் சொல்வது நூறு போஸ்டருக்குச் சமம்.

பையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சூப்பர் மார்க்கெட் பைக்குத் தனியாகக் காசு வாங்குகிறது, நாமும் பேசாமல் கொடுக்கிறோம். அண்ணாச்சி கேட்டால் முறைக்கிறோம். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போவது அவருடைய செலவையும் குறைக்கும்.

சொல்லிவிட்டுப் போங்கள்

சின்னக் கடை என்றாலே புனிதம் என்று நான் எழுதினால் அதைப் படிக்கும் பெண்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். நாப்கின் கேட்டதும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, கடத்தல் பொருள்போல நீட்டும் கடைகள் இன்றும் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று பார்த்துச் சில்லறையைத் தூக்கிப் போட்ட கடைகளையும் நம் ஊர்கள் அறியும். யாரும் எதுவும் கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு நடக்க முடிகிற சூப்பர் மார்க்கெட் சிலருக்கு விலையைத் தாண்டிய விடுதலை. அவர்கள் அங்கே போவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே திருத்த வேண்டியிருந்தது. ஒரு கடையை ஆதரிக்கும் வாடிக்கையாளருக்கு அங்கே ஸ்டூல் எங்கே என்று கேட்கும் உரிமையும் உண்டு.

இங்கேதான் நாம் பெரும்பாலும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். பருப்பில் வண்டு இருந்தால், தராசில் முத்திரை இல்லையென்று தோன்றினால், தேதி முடிந்த பிஸ்கட்டைத் தந்தால், சத்தமில்லாமல் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுகிறோம். சண்டை வேண்டாமே என்ற நல்லெண்ணம். கடைக்காரருக்கு ஏன் போனோம் என்பதே தெரியாது. ஆப்புக்கு நட்சத்திரம் போட்டுப் புகார் எழுதப் பத்து நிமிடம் செலவழிப்பவர்கள், முகம் பார்த்து ‘அண்ணாச்சி, இந்தப் பருப்பு சரியில்ல, மாத்திக் கொடுங்க’ என்று சொல்லத் தயங்குகிறோம். சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் அப்புறம் போங்கள்.

பாராட்டும் இப்படித்தான். கூகுள் மேப்பில் அவர் கடை இல்லையென்றால், அவரைக் கேட்டுக்கொண்டு பெயர், நேரம், போர்டு போட்டோ சேர்த்துவிடலாம். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேட்டு வாங்குவது

தெருமுனைக் கடையின் கல்லா மேசையில் அடுத்த தெரு அக்கா போடும் அப்பளம், மாவு பாக்கெட், வடகம், எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். பெரிய கடைகளின் அலமாரியில் இடம் பிடிக்க இந்த அக்காக்களால் கட்டணம் கட்ட முடியாது. அவர்களுக்கு அண்ணாச்சி கடைதான் ஷோரூம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிட்டாய் அதற்குப் பல பத்தாண்டு முன்பே பெட்டிக்கடைப் பாட்டில்களில் இருந்துதான் பெயர் வாங்கியது.

ஆனால் வாடிக்கையாளர் கேட்காத பொருள் அலமாரியில் நிற்காது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுமுன், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோவை இளைஞர்கள் தேடித் தேடிக் குடித்தார்கள். அந்த வேகம் நீடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிகளில் பழைய பாட்டில்கள் திரும்பி வந்தன, ஏனென்றால் கடைக்கு வந்தவர்கள் மறுபடி அதைத்தான் கேட்டார்கள். கடைக்காரர் கொள்கைக்காகச் சரக்கு வாங்கி அடுக்க முடியாது. வாரா வாரம் பத்துப் பேர் கேட்டால் வாங்கி வைப்பார்.

தையல்காரர், மெஸ், இஸ்திரி வண்டி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கையே கொஞ்சம் மாற்றிப் போடலாம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு துணியைக் கொண்டுபோய்த் தையல்காரரிடம் மன்றாடுவதற்குப் பதில், கல்யாண வேலையில்லாத ஆடியில் கொடுத்தால் அவருக்கு மெஷின் ஓடும், உங்களுக்கு அளவு சரியாக வரும். புரட்டாசியில் பிரியாணிக் கடை ஈயடிக்கும்போது விரதம் இல்லாதவர்கள் எட்டிப் பார்க்கலாம். டெலிவரி ஆப்கள் பல சிறிய ஓட்டல்களிடம் இருபது சதவீதத்துக்கு மேலும் கமிஷன் எடுக்கின்றன. மெஸ்ஸுக்கு நேராகப் போன் செய்து, தூக்குவாளியோடு நடந்து போய் வாங்கினால் அது அப்படியே அவரிடம் நிற்கும், குழம்பும் ஒரு கரண்டி அதிகம் வரும்.

வாடிக்கையாளரால் தீராத சங்கதிகளும் உண்டு. அண்ணாச்சியின் மகன் இன்ஜினீயரிங் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார மாட்டேன் என்கிறான். காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை நின்ற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், அவனை யாரும் தப்பு சொல்ல முடியாது. இன்னொன்று வாடகை. பத்து மாத அட்வான்ஸ், வருடா வருடம் ஏற்றம், திடீரென்று இடத்தைக் காலி செய்யச் சொல்வது. பல கடைகளை மூடியது ஆப் இல்லை, இதுதான். இதைப் படிப்பவர்களில் கீழ்த்தளத்து ஷட்டரைக் கடைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களும் இருப்பீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்தாக வேண்டும். மூன்று வருடமாவது நிற்கும்படி, ஏற்றம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே குறித்து அந்த ஒப்பந்தத்தைப் போட்டுக் கொடுங்கள். புது ஃப்ரிட்ஜுக்குத் தவணை எடுக்கலாமா வேண்டாமா என்று அண்ணாச்சி முடிவு செய்வது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.